கொல்லைவாசல் சீட்டு

ஷரஃபுதீன் பேரில் ஒரு ஷேர் கிடையாது. ஆனாலும் மயிலாப்பூரில் எந்த வக்கீல் எதை வாங்குகிறார், எந்த ரிடையர்டு கலெக்டர் எதை ஓசைப்படாமல் தள்ளிவிடுகிறார் என்று தெரிய வேண்டுமானால் அவனைத்தான் கேட்க வேண்டும். கேட்டாலும் சொல்ல மாட்டான், அது வேறு விஷயம். தரகர் சந்திரமௌலிக்காக வீடு வீடாகப் போய் ஆர்டர் சீட்டு வாங்கி வருகிறவன் அவன். காலையில் கச்சேரி ரோடு மசூதிக்குப் பின்னாலிருக்கும் சந்திலிருந்து சைக்கிளை எடுத்தானென்றால் மாட வீதிகள், லஸ், மந்தைவெளி என்று ஒரு சுற்று. கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் வக்கீல்கள் இன்ன கம்பெனியில் இத்தனை பங்கு வாங்கு, அல்லது விற்றுவிடு என்று ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிக் கவரில் போட்டுக் குமாஸ்தாவிடம் கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் பையில் திணித்துக்கொண்டு தியாகராய நகரில் சந்திரமௌலி வீட்டு முன்னறையில் போய்க் கொட்டுவான். அங்கிருந்து டெலிபோன் வழியாக ஆர்டர்கள் ஹைக்கோர்ட் பக்கம் பட்டணத்துத் தரகர்களுக்குப் போகும்.

கொட்டியதைப் பிரித்து, வாங்குவது ஒரு பக்கம், விற்பது ஒரு பக்கம் என்று அடுக்குகிறவனும் அவனேதான். வருஷக்கணக்கில் அடுக்கி அடுக்கி அவனுக்கு ஒரு பார்வை வந்துவிட்டது. விலை என்ன என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். விலை நேற்று நடந்து முடிந்த கதை, நாளைக்கு நடக்கப்போவது சீட்டில்தான் இருக்கிறது என்பது அவன் கட்சி. 'இந்த விலைக்குக் கிடைத்தால் வாங்கு' என்று எழுதுகிறவன் சும்மா ஆசைப்படுகிறான். 'என்ன விலையானாலும் வாங்கு' என்கிறவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. ஒரேயடியாகக் கேட்டால் விலை எகிறிவிடும் என்று பெரிய ஆர்டரைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து, பல பேரில் அனுப்புகிறவன் ஒருத்தன் இருப்பான். அவன்தான் கெட்டிக்காரன், அவன் பின்னால் போக வேண்டும். எந்தப் பக்கம் அவசரம், எந்தப் பக்கம் நிதானம், யார் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்கிறார்கள், இவ்வளவுதான் வித்தை. மற்றதெல்லாம் பத்திரிகைக்காரன் பிழைப்புக்கு எழுதுவது என்று ஒதுக்கிவிடுவான்.

அவனுடைய தகப்பனார் ஹைக்கோர்ட்டுக்கு எதிரே உட்கார்ந்து வக்கீல்களுக்குக் கறுப்பு கவுன் தைத்தவர். கவுனுக்கு அளவு கொடுக்க வந்த வக்கீல் ஒருவர்தான், சென்னையில் புதிதாகத் திறந்த ஷேர் மார்க்கெட்டில் ஷரஃபுதீனை எடுபிடியாகச் சேர்த்துவிட்டார். அது இருபதாம் வருஷம். யுத்தம் முடிந்து ஊரில் பணம் புரண்ட சமயம். கையில் நாலு காசு கண்டவனெல்லாம் கம்பெனி ஆரம்பித்தான், மற்றவனெல்லாம் கடன் வாங்கி அதில் பங்கு வாங்கினான். சீக்கிரமே எல்லாம் வடிந்துபோய் மார்க்கெட்டையே இழுத்துப் பூட்டிவிட்டார்கள். தரகர்கள் மட்டும் டெலிபோனும் கையுமாக வியாபாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது சந்திரமௌலியிடம் வந்து ஒட்டிக்கொண்டவன்தான்.

உலகமெங்கும் விலைகள் விழுந்த வருஷத்தில், ஒரு காலை, அவன் அடுக்கின சீட்டுகளில் விற்கிற பக்கம் மட்டும் உயர்ந்துகொண்டே போயிற்று. எப்போதும் வாங்குகிற வீடுகள்கூட 'வந்த விலைக்குக் கொடு' என்று எழுதியிருந்தன. கவரை ஒட்டக்கூட ஒருவருக்கும் பொறுமை இல்லை. கையில் இருப்பதையெல்லாம் இன்றைக்கே தள்ளிவிடுங்கள் சாமி என்று சந்திரமௌலியிடம் போய்ச் சொன்னான். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே தள்ளினார். அந்த வாரமே எல்லாம் சரிந்தது, மற்ற தரகர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். தப்பித்த பணத்தில் சந்திரமௌலி தியாகராய நகரில் மாடி வீடு கட்டினார். ஷரஃபுதீனுக்கு ஒரு புது சைக்கிள் கிடைத்தது. நியாயமான பங்கீடுதான், போங்கள்!

அன்று முதல் தினமும் அவன் சீட்டை அடுக்கி முடித்ததும் சந்திரமௌலி மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவனைக் கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே அவன் வெயிலிலும் மழையிலும் மிதித்தான் என்று சொல்லலாம். சம்பளத்துக்காக என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அவ்வளவு பிரமாதமான சம்பளம்.

அவன் கற்றதிலெல்லாம் அவனுக்கு அதிகக் கர்வம் ஒரு விஷயத்தில். பெரிய உத்தியோகஸ்தர்கள் தங்கள் பேரில் ஷேர் வாங்க மாட்டார்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள்? நாளைக்கு அந்தக் கம்பெனியின் ஃபைலே தன் மேஜைக்கு வந்தால்? ஆகவே சம்சாரத்தின் பேரில் வாங்குவார்கள். அந்த அம்மாளுக்கு அதில் கையெழுத்துக்கு மேல் வேலை இல்லை. உள்விஷயம் தெரிந்தவன்தான் பேரை மறைக்கிறான், ஆகவே பெண் பேரில் வருகிற சீட்டு ஏறுகிற சீட்டு என்று அவன் வெகு நாள் பார்த்துத் தீர்மானம் செய்திருந்தான். அதிலும், குமாஸ்தாவுக்குக்கூடத் தெரியக்கூடாது என்று சமையல்காரன் கையில் கொடுத்துப் பின்புறத்துச் சந்து வழியாக அனுப்பினார்களென்றால் அதற்கு மேல் கேள்வியே கிடையாது. அதற்குக் கொல்லைவாசல் சீட்டு என்று பேர் வைத்திருந்தான். எப்போதாவது ஒன்று வரும். வந்து அது பொய்த்ததில்லை.

வீட்டில் அவனும் அக்காள் ஜைதூன் பீயும் மட்டும்தான். அவன் பெண்டாட்டி முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். ஜைதூனின் புருஷன் பர்மாவுக்குப் பிழைக்கப் போய் அங்கேயே மௌத்தாகிவிட்டான். தாய் இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். ஆபா, ஆபா என்று இந்த வயதிலும் அவள் பின்னால்தான் சுற்றுவான்.

கச்சேரி ரோட்டில் உமர் ஃபாரூக் என்பவரின் ஜவுளிக்கடையிலிருந்து ரவிக்கைத் துணி எடுத்து மூட்டை கட்டிக்கொண்டு, ஆண்கள் கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போன பிறகு ஜைதூன் பீ கிளம்புவாள். தம்பி காலையில் போன அதே வீடுகள்தான். அவன் போவது முன்வாசல், அவள் போவது கொல்லைவாசல். கிணற்றடியில் மூட்டையைப் பிரித்தால் அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கூடிவிடுவார்கள். இந்தத் துணி சாயம் போகும், வேண்டாம் என்று அவளே எடுத்து ஒதுக்கி வைப்பாள். இருபது வருஷமாக அவள் போகாது என்று சொன்ன சாயம் போனதில்லை. மடி ஆசாரம் பார்க்கிற அம்மாமிகள்கூட அவள் வார்த்தைக்கு மறுவார்த்தை பேச மாட்டார்கள்.

அதில் மிச்சம் பிடித்ததையெல்லாம் ஹஜ்ஜுக்கென்று சேர்த்தாள். பாங்கில் போட மாட்டாள், வட்டி ஹராம். ஒவ்வொரு பெருநாளுக்கும் சேர்ந்ததைத் தம்பி கையில் கொடுத்து, இது அமானத்து என்று ஒரு தரம் சொல்வாள். நம்பி ஒப்படைக்கிற பொருளுக்கு அமானத்து என்று பேர். அதில் கை வைத்தவனுக்கு மறுமையில் பதில் கிடையாது. ஷரஃபுதீன் அதைச் சந்திரமௌலியின் இரும்புப் பெட்டியில் தனிப் பையாக வைத்திருந்தான்.

முப்பத்தேழாம் வருஷம் பிறந்தபோது அந்தப் பை ஓர் ஆள் போய்வரப் போதுமான அளவுக்கு வந்துவிட்டது. ஓர் ஆளுக்குத்தான். விதவை தனியாக ஹஜ்ஜுக்குப் போக முடியாது. கூடப்பிறந்தவனோ பெற்ற பிள்ளையோ துணைக்குப் போக வேண்டும். அவளுக்கு இவனை விட்டால் யாரும் இல்லை. உமர் ஃபாரூக் குடும்பத்தோடு கச்சேரி ரோடுக்காரர்கள் சிலர் அந்த வருஷக் கடைசியில் பம்பாய் போய்க் கப்பலேறுவதாக இருந்தார்கள். இன்னும் கொஞ்ச வருஷம் மூட்டை தூக்கினால் உனக்கும் சேர்ந்துவிடும் என்று ஜைதூன் பீ சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் முழங்கால் இரண்டும் வீங்கிக்கிடந்தன. தொழுகையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தாள். இன்னும் கொஞ்ச வருஷம் என்பது அவளுக்குக் கிடையாது என்று அவனுக்குத் தெரிந்தது.

ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவன் வாய் சும்மா இருக்கவில்லை. அடையாற்றுப் பக்கம் தோட்ட வீட்டிலிருந்த ஒரு பெரிய உத்தியோகஸ்தர் சம்சாரத்தின் பேரில் அன்று காலை கொல்லைவாசல் சீட்டு ஒன்று வந்திருந்தது, வெள்ளாறு சர்க்கரைக் கம்பெனிக்கு. யார் வீடு என்று சொல்லவில்லை, அந்த நாணயம் அவனுக்கு உண்டு. சீட்டைப் பார்த்தே தன்னால் சொல்ல முடியும் என்ற பெருமையை அக்காளிடம் கொட்டாவிட்டால் சோறு இறங்குமா?

"வெள்ளாறு சர்க்கரைன்னு ஒரு கம்பெனி கீது ஆபா. கொல்லவாசல் சீட்டு வந்துட்ச்சி. பாத்துக்கினே இரு, எப்டி ஏறுதுன்னு."

ஜைதூன் பீ குழம்பு ஊற்றிக்கொண்டே உம் என்றாள். அவனும் சாப்பிட்டுக் கையைக் கழுவியதோடு அதை மறந்துபோனான்.

கொஞ்ச நாள் கழிந்தது. வடக்கு மாட வீதியில் வக்கீல் அனந்தராமன் வீட்டுக் குமாஸ்தாவிடம் கவர் வாங்கிக்கொண்டு திரும்பினவனை, சந்து முனையில் அந்த வீட்டுச் சமையல்காரன் கையைக் காட்டி நிறுத்தினான். மடியிலிருந்து ஒரு கவரை எடுத்து அவசரமாகத் திணித்துவிட்டு ஓடினான். பிரித்தால் வெள்ளாறு சர்க்கரை. அபயாம்பாள் பேரில். என்ன விலையானாலும் வாங்கு. மறுநாள் லஸ்ஸில் ஒரு வீட்டிலிருந்து காமாக்ஷி பேரில் ஒன்று. பிறகு மந்தைவெளியிலிருந்து சுலோச்சனா. பிறகு தியாகராய நகரிலேயே நீரஜா, ஜலஜா. எல்லாம் பின்சந்து, எல்லாம் சமையல்காரன் அல்லது பாத்திரம் தேய்க்கிறவள் கை, எல்லாம் சின்னச் சின்ன ஆர்டர், எல்லாம் என்ன விலையானாலும். சில சீட்டுகளில் மஞ்சள் கறை இருந்தது. சமையல்காரன் கை என்று நினைத்துக்கொண்டான்.

கொல்லைவாசல் சீட்டு இப்படிச் சாரிசாரியாக வந்து அவன் பார்த்ததே இல்லை. அவன் உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை பெரிய மனுஷர்களுக்கு ஒரே சமயத்தில் ஒரே சேதி கிடைத்திருக்கிறதென்றால் அது எவ்வளவு பெரிய சேதியாக இருக்க வேண்டும்! அல்லது ஏதோ ஒரு பெரிய கை, இத்தனை வீட்டுப் பேரையும் கடன் வாங்கிக்கொண்டு துண்டு துண்டாகச் சேர்க்கிறது. எப்படிப் பார்த்தாலும் ஏற்றம்தான். விலையும் படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தது.

சந்திரமௌலியிடம் சொன்னான். அவர் பொடியை உறிஞ்சினார்.

"வாங்கறவாளைப் பாத்தாச்சு, சரி. விக்கறவன் யாருன்னு பாத்தீரா சாயபு? நீர் கொண்டுவர ஒவ்வொரு சீட்டுக்கும் பட்டணத்துல எவனோ சளைக்காமக் குடுத்துண்டே இருக்கான். அவன் கை ஓயவே இல்லையே."

மனுஷன் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் அந்தச் சீட்டுகளுக்குக் கிடைக்கிற தரகு அவர் பைக்கு வந்துகொண்டிருந்தது, ஆகவே அதற்கு மேல் அவர் ஆராயவில்லை. ஷரஃபுதீனும் ஆராயவில்லை. பட்டணத்துச் சீட்டை அவன் அடுக்குவதில்லை. தன் கைக்கு வந்ததைத்தான் அவனுக்குப் படிக்கத் தெரியும். விற்கிறவன் எவனோ விஷயம் தெரியாத அசடு என்று முடிவு கட்டிவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, நேரே தியாகராய நகருக்கு மிதித்தான். வழியெல்லாம் தனக்குத்தானே நியாயம் பேசிக்கொண்டு போனான். எடுக்கவா போகிறேன், இரண்டு மாதத்தில் இரட்டிப்பாக்கித் திருப்பி வைக்கப் போகிறேன். அவளுக்காகத்தானே? அவளோடு போக வேண்டும் என்பதற்காகத்தானே? பள்ளிவாசல் படியிலிருந்து இறங்கி நேரே அமானத்தில் கை வைக்கப் போகிறவனுக்கு வாய் மட்டும் நீண்டுகொண்டிருந்தது. பையை வெளியே எடுத்தான். தரகரிடம் வேலை செய்கிறவன் தன் பேரில் வாங்கக்கூடாது என்பது சந்திரமௌலி வைத்த சட்டம். அதனால் சீட்டில் ஜைதூன் பீ என்று எழுதினான். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தன் கட்டைவிரலையே மையில் ஒற்றி அவளுக்குப் பதிலாக வைத்தான். அடுக்கும்போது அந்தச் சீட்டும் மற்றப் பெண்கள் சீட்டோடு ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது.

விலை இன்னும் கொஞ்சம் ஏறிற்று. சந்தோஷம் தாங்காமல், இந்த வருஷமே நாம் இருவரும் போகிறோம், என் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்காளிடம் சொல்லிவிட்டான். அவள் எதுவும் கேட்கவில்லை. அவன் தலையை இழுத்து நெற்றியில் முத்தமிட்டாள். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்தது அது. அன்றைக்கு அவன் அழுதுவிட்டான்.

பிறகு சீட்டு நின்றது.

ஒரு வாரம் பின்சந்தில் அவனை எந்தச் சமையல்காரனும் நிறுத்தவில்லை. அடுத்த வாரமும் இல்லை. வாங்குகிற கை ஓய்ந்துவிட்டது, விற்கிற கை மட்டும் ஓயவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று அந்தத் தொழிலில் அவனைவிடத் தெரிந்தவன் யார்? வேறொருவன் பணமாக இருந்தால் அன்றைக்கே விற்றுத் தொலை என்று சொல்லியிருப்பான். தன் பணம், இல்லை, தன் பணம்கூட இல்லை, அக்காள் பணம் என்றவுடன் பெரிய கை மூச்சு வாங்குகிறது, திரும்ப வரும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்தான். தினமும் அனந்தராமன் வீட்டுச் சந்து முனையில் ஒரு காலை ஊன்றி நிற்பான். கொல்லைக் கதவைப் பார்ப்பான். போய்விடுவான்.

ஐப்பசி மழையோடு கொல்லைவாசல் சீட்டுகள் மறுபடி வந்தன. எல்லாம் விற்கிற சீட்டு. வந்த விலைக்குக் கொடு, வந்த விலைக்குக் கொடு என்று ஒவ்வொன்றும் கெஞ்சியது. எழுத்துக் கோணல் கோணலாக இருந்தது, சிலது பென்சிலில். சந்திரமௌலி டெலிபோனைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். பட்டணம் முழுவதும் வெள்ளாறு சர்க்கரை என்றால் சிரித்தார்கள். விற்றுக்கொண்டிருந்தவர்கள் கம்பெனியின் டைரக்டர்களே என்பது அப்போதுதான் வெளிவந்தது. சர்க்கரை விலை இறங்கிக்கொண்டிருந்தது, ஆலைக்குக் கரும்பு இல்லை, இயந்திரம் முழுதாக வந்து இறங்கவே இல்லை. தங்கள் பங்குகளை எந்த அசட்டின் தலையில் கட்டலாம் என்று காத்திருந்தவர்களுக்கு மயிலாப்பூரிலிருந்து யாரோ வரிசையாக வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காகிதங்களைக் கேட்க இப்போது நாதி இல்லை. ஜைதூன் பீ பேரில் இருந்த காகிதத்தையும் சேர்த்துத்தான்.

மறுநாள் அனந்தராமன் கோர்ட்டுக்குப் போன பிறகு சமையல்காரன் ஷரஃபுதீனைத் தேடி வந்து கொல்லைப்புறத்துக்கு அழைத்துக்கொண்டு போனான். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அபயாம்பாள் நிற்பது தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டுக்கு வருகிறான், அந்த அம்மாள் குரலை அன்றுதான் கேட்டான்.

அந்தக் காகிதத்தை என்ன வந்தாலும் சரி என்று விற்றுக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்று அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். வக்கீல் ஐயாவுக்குத் தெரியாததா, அவர் வேறு வழி பார்ப்பார் என்றும் ஏதோ ஆறுதலாகச் சொல்லி வைத்தான்.

"ஐயோ, அவருக்கு எதுவும் தெரியாது. அவர் காதுல போட்டுடாதேள். என் வளையலை வச்சு வாங்கினேன் சாயபு. பொண்ணுக்குத் தலைப்பிரசவம், போட்டு அனுப்பணும், இன்னும் கொஞ்சம் பெருகட்டுமேன்னு. நான் மட்டுமில்லை, காமாக்ஷி, சுலோச்சனா, எல்லாரும் அவா அவா நகைதான். எந்த ஆத்துலயும் ஆம்பளைகளுக்குத் தெரியாது."

இந்தக் கம்பெனியை உங்களுக்கு யார் சொன்னார்கள் அம்மா என்று கேட்டான்.

"உங்காத்து ஜைதூன்தான். என் தம்பி சீட்டைப் பாத்தே சொல்லிடுவான், வெள்ளாறு ஏறும்னு சொல்றான்னு சொன்னா. அவ சாயம் போகாதுன்னா போகாது. அதான் நம்பினோம்."

கதவு சாத்திக்கொண்டது. ஷரஃபுதீன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சந்தில் நின்றான். பெரிய கை! உள்விஷயம் தெரிந்த பெரிய மனுஷர்கள்! அடையாற்றிலிருந்து வந்த அந்த முதல் சீட்டை விட்டால் அவர்கள் யாரும் அங்கே இல்லை. அவன் வாயிலிருந்து சோற்றுக்கு நடுவே விழுந்த ஒரு வார்த்தை, அக்காள் மூட்டையோடு வீடு வீடாகப் போய், மஞ்சள் கைகளால் சீட்டாகி, அவன் கைக்கே திரும்பி வந்திருக்கிறது. அதை அவன் பிரித்து வைத்துக்கொண்டு ஊரின் ரகசியத்தைப் படித்தேன் என்று மார்தட்டியிருக்கிறான். சீட்டில் பெண் பேர் இருந்தால் அது பெண்தான் என்று பச்சைப்பிள்ளை சொல்லியிருக்கும். அந்தப் பெண்கள் புருஷனுக்குத் தெரியாமல் நடுங்கிக்கொண்டு கொடுத்த சீட்டை, புருஷன் ஊருக்குத் தெரியாமல் கொடுத்தது என்று படித்தானே, பாவி.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஜைதூன் பீ பாயில் உட்கார்ந்து வெள்ளைத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஹஜ்ஜில் ஆண்கள் உடுத்துகிற தைக்காத துணி இரண்டு. இஹ்ராம். உமர் ஃபாரூக் கடையில் தேர்ந்தெடுத்து வாங்கி, அலசி, காய வைத்திருந்தாள். அவனுக்காக.

பக்கத்தில் ரவிக்கைத் துணி மூட்டை பிரிக்காமல் கிடந்தது. ஒரு வீட்டிலும் கதவைத் திறக்கவில்லை என்று அவளே சொன்னாள். அவன் சொன்னதைத் தான் போய்ச் சொன்னதையும், ஆம்பிளைகளுக்குத் தெரியக்கூடாது என்று அவர்கள் சத்தியம் வாங்கிக்கொண்டதால் அவனிடம்கூட மூச்சுவிடாமல் இருந்ததையும் மறைக்காமல் சொன்னாள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் போவதற்கு முன்னால் பழகினவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், கடன் பாக்கி இருந்தால் தீர்க்க வேண்டும். அது வழக்கம். அவர்கள் வயிற்றெரிச்சலைச் சுமந்துகொண்டு போய்க் காபாவின் முன்னால் நிற்க அவளால் முடியாது.

"நாளைக்கி அந்த அமானத்த எடுத்துக்கினு வா ஷரஃபு. ஆளுக்கு முடிஞ்சத குடுத்துட்டு மன்னாப்பு கேட்டுக்கறேன். நாம அப்பால போவலாம். கப்பல் எங்க ஓடிடப்போவுது."

அவன் உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"பணம் இல்ல ஆபா. வெள்ளாறுலதான் போட்டேன். எல்லாத்தையும்."

அவள் மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. எப்போது என்று கேட்டாள். பெண்கள் பேரில் சீட்டு மேல் சீட்டாக வந்ததே, அதைப் பார்த்துத்தான் என்றான்.

"அவங்க உன்ன நம்பி வாங்கினாங்க. நீ அவங்கள நம்பி வாங்கினியா?"

அவன் நிலைப்படியை நகத்தால் கீறினான்.

"யாரு பேர்ல?"

"உன் பேர்ல."

"கைநாட்டு?"

"நான்தான் வச்சேன்."

ஜைதூன் பீ அவன் கட்டைவிரலைப் பார்த்தாள். திட்டுவாள், மாரில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று அவன் காத்திருந்தான், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் பாதியில் நின்ற துணியைக் கடைசிவரை மடித்தாள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கையால் நீவிவிட்டு அவன் பக்கம் நகர்த்தினாள்.

"பெட்டில வை. கஃபனுக்கு ஆவும்."

கஃபன் என்றால் இறந்தவர் உடம்பைச் சுற்றுகிற துணி. யாருக்கு என்று அவள் சொல்லவில்லை.

விடிந்ததும் மூட்டை இல்லாமல் வெறுங்கையோடு கிளம்பிப் போனாள். கொடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் மன்னிப்புக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று அவள் மனதில் இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அவனும் சைக்கிளை எடுத்தான். எடுக்காமல் எங்கே போவான்?

அனந்தராமன் வீடு, வாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரைக்கும் நேராகத் தெரிகிற பழைய வீடு. அன்று குமாஸ்தா வரவில்லை, வக்கீலே வாசலுக்கு வந்தார். நல்ல குஷியில் இருந்தார். கையில் ஒட்டின கவர். குரலைத் தாழ்த்தி, ஒரு புது கம்பெனி, உள்விஷயம் கிடைத்திருக்கிறது, ஆத்துக்காரி பேரில் போட்டிருக்கிறேன், வெளியே தெரிய வேண்டாம் என்று சொன்னார். அப்போது கொல்லைக் கதவு மெல்லத் தட்டப்படும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டது.

"யாருடி அது கொல்லையில?" என்று அனந்தராமன் உள்ளே திரும்பிக் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை," என்றாள் அபயாம்பாள், சமையலறையிலிருந்து. "ரவிக்கைத் துணிக்காரி."

கதவை யாரும் திறக்கவில்லை. ஷரஃபுதீன் கவரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.